மூளையின் இரு கணக்குப்பிள்ளைகள்

1948-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 30-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. டில்லியில் பிர்லா மாளிகைத் தோட்டத்தில் மாலைப் பிரார்த்தனைக்காக நடந்து சென்றுகொண்டிருந்த காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றிரவே வானொலி அச்செய்தியைத் தேசமெங்கும் கொண்டு சென்றது. அந்நாளில் பத்து வயதுச் சிறுவராக இருந்தவர் இன்று தொண்ணூறை நெருங்கும் முதியவர். அப்படிப்பட்ட ஒருவர் உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இருந்தால், "தாத்தா, அந்தச் செய்தி வந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். எந்தத் திண்ணை, விளக்கு எங்கே இருந்தது, யார் ஓடி வந்து சொன்னார், அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள், அன்றிரவு வீட்டில் எவரேனும் சாப்பிட்டார்களா என்பதுவரை அவர் சொல்லக்கூடும். சொல்லும்போதே குரல் தழுதழுக்கும்.

"அதற்கு முதல் நாள், வியாழக்கிழமை மாலை, என்ன செய்தீர்கள்?" என்று அடுத்தபடியாகக் கேளுங்கள். பெரியவர் சற்று விழிப்பார், பிறகு சிரிப்பார். அந்த வியாழக்கிழமையும் அவருக்கு இருபத்துநான்கு மணி நேரமாகவே இருந்தது. அன்றும் சூரியன் அஸ்தமித்தான். அன்றும் அம்மா சோறு போட்டாள். ஆனால் அதன் சுவடு ஒன்றுகூட நெஞ்சில் இல்லை.

இது ஏன்? பள்ளிக்கூடத்து வாய்ப்பாட்டைப் போல அந்த வெள்ளிக்கிழமையை அவர் உருப்போட்டு மனப்பாடம் செய்தாரா? இல்லை. துக்கம் ஒன்றே அந்த வேலையைச் செய்தது. உணர்ச்சிக்கும் ஞாபகத்துக்கும் ஏதோ நெருங்கிய உறவு இருக்கிறது என்பதை நம் பாட்டிமார் எக்காலமும் அறிவார்கள். அந்த உறவு மூளையில் எங்கே, எவ்வாறு ஏற்படுகிறது என்பதை விஞ்ஞானிகள் சென்ற நூறு ஆண்டுகளில் மெல்ல மெல்லக் கண்டறிந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டவற்றுள் சில விந்தையானவை. சில நம்மை எச்சரிப்பவை. ஒன்று நம் வீட்டு முதியவர்களை நாம் எப்படி நடத்த வேண்டும் என்பதையே மாற்றக்கூடியது. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கடற்குதிரையும் வாதுமையும்

காதுகளுக்கு நேர் உள்ளே, மூளையின் ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு உறுப்புகள் உண்டு. வளைந்த உருவத்தைக் கண்டு, 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பொலோஞா நகரத்து வைத்திய ஆசிரியரான அரான்ஸி என்பவர் அதற்குக் கடற்குதிரை என்று பொருள்படும்படி 'ஹிப்போகாம்பஸ்' என்று பெயரிட்டார். அதன் முன்முனையை ஒட்டி, ஒரு பருப்பின் அளவில் மற்றோர் உறுப்பு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய உடற்கூற்று நிபுணர் புர்டாக் அதற்கு வாதுமை என்ற பொருளில் 'அமிக்டலா' என்று பெயர் வைத்தார். நாமும் இவற்றைக் கடற்குதிரை என்றும் வாதுமை என்றுமே அழைப்போம்.

ஒரு பழைய ஜமீன் கச்சேரியில் இரண்டு கணக்குப்பிள்ளைகள் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். முதல் கணக்குப்பிள்ளை விவரங்களை எழுதுகிறவர்: எந்த நாள், எந்த இடம், யார் யார் வந்தார்கள், எதற்குப் பின் எது நடந்தது. இவரே கடற்குதிரை. இரண்டாமவருக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆனால் இது நல்லது, இது தீயது, இது அஞ்சத்தக்கது, இது முக்கியம் என்று முத்திரை குத்துவதில் சமர்த்தர். இவர் வாதுமை. இருவரும் ஒருவருக்கொருவர் காகிதத்தை நீட்டிக்கொண்டே இருப்பதால் கணக்கு ஒன்றுதான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இருவரில் ஒருவர் வேலையை விட்டுப் போகும்போதுதான் கணக்குகள் இரண்டு என்பது தெரிய வருகிறது.

குண்டூசி தந்த பாடம்

ஸ்விட்ஸர்லாந்தில் ஜெனீவா நகரில் கிளாபரேத் என்றொரு வைத்தியர் இருந்தார். அவருடைய பராமரிப்பில் இருந்த ஒரு மாதுக்குப் பழைய செய்திகள் நினைவிருந்தன. புதியது எதுவும் மனத்தில் தங்குவதில்லை. ஆண்டுக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருந்தும், தினந்தோறும் வரும் வைத்தியரை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதாக நினைத்தாள். ஒருநாள் கிளாபரேத் தம் விரல்களுக்கிடையே ஒரு குண்டூசியை மறைத்து வைத்துக்கொண்டு அவளோடு கைகுலுக்கினார். அவள் துடித்துக் கையை இழுத்துக்கொண்டாள். சில நிமிஷங்களில் அந்த நிகழ்ச்சியும் வழக்கம்போல் மறந்து போயிற்று.

பின்பு வைத்தியர் மறுபடியும் கையை நீட்டினார். அவள் சட்டென்று தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டால் அவளுக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. வற்புறுத்திக் கேட்டபோது, சிலர் கையில் ஊசியை ஒளித்து வைத்திருப்பதும் உண்டல்லவா என்று பொதுப்படையாகச் சொன்னாள். தன் கையில் ஊசி குத்தியது மட்டும் அவளுக்கு நினைவில்லை. 1911-ஆம் ஆண்டில் கிளாபரேத் இதைப் பிரசுரித்தார். வைத்தியர் நோயாளியை ஊசியால் குத்துவதை இன்று எந்த ஆஸ்பத்திரியும் அனுமதிக்காது. ஆயினும் அந்தச் சிறு குண்டூசி ஒரு பெரிய உண்மையைத் தொட்டுக் காட்டியது: நிகழ்ச்சி மறந்தாலும் அது தந்த உணர்ச்சி எங்கேயோ தங்கியிருக்கிறது.

தங்கியிருக்கும் இடம் எது? இதற்கு விடை தேடும் வழியைத் திறந்தது ஒரு துரதிர்ஷ்டம். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹென்றி மோலேஸன் என்ற இளைஞருக்குக் கடுமையான காக்காய் வலிப்பு இருந்தது. 1953-ஆம் ஆண்டில், அவருடைய 27-ஆம் வயதில், வில்லியம் ஸ்கோவில் என்ற சத்திர சிகிச்சை நிபுணர் அவருடைய மூளையின் இருபுறத்திலிருந்தும் கடற்குதிரையின் பெரும்பகுதியையும் அதை அடுத்த சில பகுதிகளையும் அகற்றினார். வலிப்பு பெரிதும் தணிந்தது. ஆனால் அன்று முதல் 2008-ஆம் ஆண்டில் அவர் இறக்கும்வரை, ஐம்பத்தைந்து ஆண்டுகள், புதிய நிகழ்ச்சி எதையும் அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற பெண்மணி பல ஆண்டுகள் அவரைச் சோதித்து வந்தார். ஒவ்வொரு முறையும் அவரிடம் புதிதாகத் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. 1957-ஆம் ஆண்டில் ஸ்கோவிலும் மில்னரும் சேர்ந்து எழுதிய கட்டுரையிலிருந்துதான், நிகழ்ச்சிகளின் விவரத்தை எழுதும் கணக்குப்பிள்ளை கடற்குதிரையே என்பது உலகுக்கு உறுதியாயிற்று.

இரண்டு கணக்குகளும் தனித்தனி என்பதைக் கண்ணெதிரே காட்டிய சோதனை 1995-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா சர்வகலாசாலையில் நடந்தது. பெச்சாரா, டமாஸியோ முதலியோர் மூன்று நோயாளிகளை அழைத்தார்கள். ஒருவருக்கு வாதுமை மட்டும் கெட்டிருந்தது, இன்னொருவருக்குக் கடற்குதிரை மட்டும், மூன்றாமவருக்கு இரண்டும். அவர்களுக்குப் பல வர்ணப் படங்களைக் காட்டினார்கள். ஒரு குறிப்பிட்ட வர்ணம் தோன்றும்போது மட்டும் கப்பல் சங்கு ஒன்று காது செவிடுபட ஒலித்தது. பயம் உண்டாகும்போது உள்ளங்கையில் வியர்வை கசியுமே, அதை நுட்பமான கருவியால் அளந்தார்கள்.

வாதுமை கெட்டவர், எந்த வர்ணத்துக்குச் சங்கு ஊதியது என்பதைத் தவறில்லாமல் சொன்னார். ஆனால் அந்த வர்ணத்தை மீண்டும் பார்த்தபோது அவர் கையில் வியர்வை கசியவில்லை. கடற்குதிரை கெட்டவரோ, எந்த வர்ணம் என்று சொல்ல மாட்டாமல் திகைத்தார். ஆனால் அந்த வர்ணத்தைக் கண்டவுடன் அவர் கை வியர்த்தது. ஒருவர் அறிந்தார், அஞ்சவில்லை. மற்றவர் அஞ்சினார், அறியவில்லை. இரண்டையும் இழந்த மூன்றாமவரிடம் அறிவும் இல்லை, அச்சமும் இல்லை. ஜெனீவா நகரத்து மாதுவின் கை ஏன் பின்வாங்கியது என்பதற்கு 84 ஆண்டுகள் கழித்து இவ்வாறு விளக்கம் கிடைத்தது.

முத்திரை விழும் விதம்

இனி, இரண்டு கணக்குப்பிள்ளைகளும் கூடி வேலை செய்வது எப்படி என்று பார்ப்போம். திடுக்கிடும் செய்தி ஒன்று காதில் விழுகிறது. உடனே மூத்திரப்பிண்டங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் 'அட்ரினலின்' என்ற ரசத்தை இரத்தத்தில் கலக்கின்றன. இருதயம் படபடக்கிறது, வாய் உலர்கிறது. இந்த ரசம் நேரே மூளைக்குள் எளிதில் நுழைய முடியாது. ஆயினும் உடலின் கலவரத்தை மார்பு, வயிறு ஆகியவற்றிலிருந்து செல்லும் நரம்பு ஒன்று மூளைக்கு அறிவிக்கிறது. அங்கே அதற்கு இனமான 'நாரட்ரினலின்' சுரந்து வாதுமையைத் தூண்டுகிறது. வாதுமை தன் பக்கத்திலுள்ள கடற்குதிரையைப் பார்த்து, "இதை நன்றாக எழுதிக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்" என்று ஆணையிடுவதுபோல் அதன் வேலையை வலுப்படுத்துகிறது.

இது வெறும் ஊகமன்று. கலிபோர்னியாவில் எர்வைன் நகரத்துச் சர்வகலாசாலையில் ஜேம்ஸ் மெகா, லாரி கேஹில் என்பவர்களும் அவர்களுடைய சகாக்களும் செய்த ஒரு சோதனையை 1994-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஒரு தாயும் மகனும் வீட்டை விட்டுப் புறப்பட்டு, தகப்பனார் வேலை செய்யும் இடத்துக்குச் செல்லும் கதையைப் படங்களோடு சிலருக்குச் சொன்னார்கள். ஒரு பிரிவினர் கேட்ட கதையில் அசம்பாவிதம் ஒன்றும் இல்லை. மற்றப் பிரிவினர் கேட்ட கதையில் நடுவழியில் மோட்டார் வண்டி மோதிப் பையன் கொடுமையாகக் காயமடைகிறான். படங்கள் இரண்டு கதைக்கும் ஒன்றே. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, விபத்துக் கதையைக் கேட்டவர்கள் அந்தப் பகுதியை மிக விரிவாக நினைவு வைத்திருந்தார்கள்.

ஆனால் கதை கேட்பதற்குமுன் சிலருக்கு 'புரோப்ரனலால்' என்ற மாத்திரையைக் கொடுத்திருந்தார்கள். இருதயப் படபடப்புக்கு வைத்தியர்கள் வழக்கமாகக் கொடுக்கும் மருந்து அது. அட்ரினலின் ரசத்தின் வேலையைத் தடுப்பது. அதைச் சாப்பிட்டவர்களும் விபத்தைக் கேட்டு மனம் வருந்தவே செய்தார்கள். எனினும் ஒரு வாரம் சென்றபின், கதையின் மற்றப் பகுதிகளைக் காட்டிலும் விபத்து அவர்கள் நினைவில் மேலோங்கி நிற்கவில்லை. முத்திரைக்கு மை இல்லாமற் போனதுபோல் ஆயிற்று! மருந்து சாப்பிட்டும் சாதாரணக் கதையைக் கேட்டவர்களுக்கு ஞாபகம் சிறிதும் குறையவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

வாசனை ஏன் இவ்வளவு விரைவாகப் பழைய நாட்களை எழுப்புகிறது என்பதற்கும் இங்கே ஒரு காரணம் இருக்கிறது. கண்ணும் காதும் அனுப்பும் செய்திகள் மூளையின் நடுவிலுள்ள ஒரு சந்திப்பு நிலையத்தைத் தாண்டியே மேற்செல்ல வேண்டும். மூக்கின் செய்திக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை. அது வாதுமைக்கு வெகு அருகே நேராக வந்து சேர்கிறது. பாட்டியின் பழைய பெட்டியைத் திறந்ததும் எழும் பச்சைக் கற்பூர மணத்தில், அவள் முகம் நினைவுக்கு வருவதற்கு முன்பே நமக்குத் தொண்டை அடைத்துக்கொள்வது இதனால்தான் போலும்.

தாயைத் தாயல்ல என்ற மகன்

உணர்ச்சியின் முத்திரை இல்லாவிட்டால் நம் சொந்த நினைவுகள் நமக்குச் சொந்தமாகவே இரா என்பதைக் காட்டிய ஒரு நிகழ்ச்சியும் உண்டு. அதை ஆராய்ந்தவர் ஒரு தமிழ்நாட்டவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்காவில் ஸான் டியாகோ நகரில் ஆராய்ச்சியாளராக விளங்கிய வி. எஸ். ராமச்சந்திரன் அவர்கள், நம் அரசியல் சட்டத்தை வகுத்த மேதைகளுள் ஒருவரான அல்லாடி கிருஷ்ணஸ்வாமி ஐயரின் பேரர்.

சாலை விபத்தில் தலையில் அடிபட்டுச் சில வாரங்கள் பிரக்ஞையின்றிக் கிடந்த ஓர் இளைஞர் தேறி எழுந்தார். பேச்சு, அறிவு எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் தாயாரைக் கண்டதும், "இந்த அம்மாள் பார்ப்பதற்கு என் தாயாரைப் போலவே இருக்கிறாள், ஆனால் என் தாயார் அல்ல, யாரோ வேஷக்காரி" என்ற கருத்துப்படப் பேசலானார். தகப்பனாரைப் பற்றியும் அவ்வாறே. இந்த விசித்திர நோயை 1923-ஆம் ஆண்டில் பிரெஞ்சு வைத்தியர் காப்கிரா விவரித்திருந்தார். தாயிடம் மனத்துக்குள் மறைந்திருந்த ஏதோ விரோதமே இதற்குக் காரணம் என்று சிலர் வியாக்கியானம் செய்துவந்தார்கள்.

ராமச்சந்திரனும் அவருடைய சகாவான ஹர்ஸ்டைனும் அந்த இளைஞரின் கை வியர்வையை அளந்து பார்த்தார்கள். தாயின் படத்தைக் கண்டால் எவருக்கும் அளவு சற்று உயரும். அவருக்கோ தாயின் படமும் அயலார் படமும் ஒன்றாகவே இருந்தன. முகத்தை அறியும் பகுதி நன்றாக இருந்தது. உணர்ச்சியைத் தரும் வாதுமையும் இருந்தது. இரண்டுக்கும் இடையே செல்லும் பாதைதான் விபத்தில் அறுபட்டிருக்க வேண்டும் என்று 1997-ஆம் ஆண்டில் அவர்கள் முடிவு கூறினார்கள். முகம் தெரிகிறது, பாசம் எழவில்லை. "பாசம் எழவில்லையானால் இவள் எப்படி என் அம்மாவாக இருக்க முடியும்?" என்று மூளை தனக்குத்தானே நியாயம் பேசிக்கொள்கிறது. இதில் உருக்கமான சங்கதி என்னவெனில், அதே தாய் டெலிபோனில் பேசினால் அவர் உடனே அடையாளம் கண்டுகொண்டார். குரல் செல்லும் பாதை வேறு, அது அறுபடவில்லை.

அழுத்தம் வேறு, உண்மை வேறு

இத்துடன் நிறுத்தினால், உணர்ச்சியோடு பதிந்த நினைவுகள் எல்லாம் கல்லில் எழுதியவை என்று நேயர்கள் கருதிவிடக்கூடும். நம் கடமை அதைத் திருத்துவது.

அமெரிக்க ஜனாதிபதி லிங்கன் 1865-ஆம் ஆண்டில் கொலையுண்டார். 1899-ஆம் ஆண்டில் கோல்குரோவ் என்பவர், அச்செய்தியைக் கேட்டபோது எங்கே இருந்தார்கள் என்று தாம் 179 பேரைக் கேட்டதைப் பிரசுரித்தார். 127 பேர் இடம், நேரம், சொன்னவர் பெயர் உள்பட விவரமாகப் பதில் சொன்னார்கள். ஆச்சரியம்தான். ஆனால் அவர்கள் சொன்னவை சரிதானா என்று சோதிக்க வழி எது?

உல்ரிக் நைஸர் என்ற மனோதத்துவ நிபுணர் இந்தக் கேள்வியை முதலில் தம்மிடமே கேட்டுக்கொண்டார். 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் தேதி ஜப்பானியர் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியபோது அவர் சிறுவர். வானொலியில் 'பேஸ்பால்' ஆட்ட வர்ணனையைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது நடுவே அச்செய்தி வந்தது என்று அவருக்குப் பளிச்சென்று நினைவிருந்தது. பல்லாண்டுகள் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது: டிசம்பர் மாதத்தில் அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டமே கிடையாது! பிற்பாடு வேறு ஆராய்ச்சியாளர்கள் துருவிப் பார்த்ததில், அன்று ஒலிபரப்பானது அமெரிக்கக் கால்பந்தாட்டம் என்றும், ஆடிய கட்சிகளின் பெயர் பிரபல பேஸ்பால் கட்சிகளின் பெயராகவே இருந்ததென்றும் தெரிந்தது. ஆக, நினைவு முழுப் பொய்யுமன்று, முழு மெய்யுமன்று.

1986-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி 'சாலஞ்சர்' என்ற அமெரிக்க விண்வெளி ஓடம், புறப்பட்ட 73-ஆவது விநாடியில் சிதறி, அதிலிருந்த 7 பேரும் மாண்டார்கள். மறுநாட் காலையிலேயே நைஸர், அட்லாண்டாவில் எமரி சர்வகலாசாலை மாணவர்களிடம், செய்தியை எப்படிக் கேட்டார்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டார். இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் அவர்களுள் 44 பேரை மறுபடியும் எழுதச் சொன்னார். முக்கிய விவரங்கள் எல்லாம் ஒத்திருந்தவர்கள் 3 பேர்தான். 11 பேர் எழுதியது ஒரு விவரத்தில்கூட ஒத்து வரவில்லை. அப்படியும் பெரும்பாலோர் தாங்கள் சொல்வது சரியே என்று நிச்சயமாக நம்பினார்கள். அவர்களுடைய சொந்தக் கையெழுத்தையே எடுத்துக் காட்டியும், பழைய நினைவு எவருக்கும் திரும்பவில்லை.

இதற்குக் காரணங்களுள் ஒன்றை எலிகளிடம் கண்டார்கள். நியூயார்க் நகரில் நாடர், ஷேஃப், லடூ என்ற மூவர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, ஒருமுறை உறைந்துபோன பயத்தின் நினைவை மறுபடி கிளறினால், அது சிறிது நேரம் இளகி, பிறகே மீண்டும் உறைகிறது. இளகியிருக்கும் வேளையில் வாதுமையில் ஒரு மருந்தைச் செலுத்தினால் அது சரியாக உறைவதில்லை. கிளறாத நினைவை அந்த மருந்து தொடுவதில்லை. மனிதர் விஷயத்தில் இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்ற ஆராய்ச்சி நடந்து வருகிறது. தீராத பீதியால் வருந்துவோருக்கு இவ்வழியில் சிகிச்சை உண்டா என்றும் தேடி வருகிறார்கள். நாம் பலமுறை சொன்ன கதை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக உருமாறுவது ஏன் என்பதற்கு இது ஒரு குறிப்பாக நிற்கிறது.

ஆகவே இரண்டாம் கணக்குப்பிள்ளை குத்தும் முத்திரைக்கு, "இது முக்கியம்" என்பதே பொருள். "இது சரிபார்க்கப்பட்டது" என்று பொருளன்று. மகாத்மா மறைந்த அன்று வீட்டில் அழுகை எழுந்தது என்று தாத்தா சொன்னால், அதன் சாரத்தை நாம் நம்பலாம். செய்தி கொண்டுவந்தவர் தபால்காரரா, பக்கத்து வீட்டு வாத்தியாரா என்பதைப் பழைய கடிதங்களோடும் நாட்குறிப்புகளோடும் ஒத்துப் பார்ப்பது நல்லது. அதற்காக அவரைப் பொய்யர் என்று எண்ணுவது அறியாமை. சுதந்தரம் பிறந்த நாட்களைக் கண்ணால் கண்டவர்கள் அருகிவருகிறார்கள். அவர்கள் சொல்வதை இன்றே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது ஒவ்வொரு குடும்பத்தின் கடமையாகும். எழுதிய நாளையும் அதில் குறித்து வையுங்கள்.

பாட்டி மறந்தது, மறவாதது

கடைசியாக, நாம் முதலில் சொன்ன அந்தச் செய்திக்கு வருவோம். வயது முதிர்ந்து மறதி நோயால் பீடிக்கப்பட்டவர்கள் இன்று பல குடும்பங்களில் இருக்கிறார்கள். அல்ஸைமர் என்னும் நோய் மூளையில் முதன்முதல் தாக்கும் இடங்களுள் கடற்குதிரையும் அதன் சுற்றுப்புறமும் அடங்கும். அதனால்தான் அறுபது ஆண்டுகளுக்கு முன் நடந்த கல்யாணத்தைச் சொல்லும் பாட்டி, அரைமணிக்கு முன் காபி சாப்பிட்டதை மறந்துவிடுகிறாள். "நேற்று முழுவதும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், இன்று யாருமே தன்னைப் பார்க்க வருவதில்லை என்று குறை சொல்கிறாள். இனிப் போய் என்ன பயன்?" என்று பெற்ற மக்களே மனம் சலித்துக்கொள்வதை நாம் கேட்டிருக்கிறோம்.

அவர்களுக்கு அயோவாவிலிருந்து ஒரு பதில் வந்திருக்கிறது. அங்கே ஃபைன்ஸ்டைன் முதலியோர், கடற்குதிரை கெட்டுப்போன ஐந்து நோயாளிகளுக்குச் சோகமான சினிமாக் காட்சிகளைக் காட்டினார்கள்; வேறொரு வேளையில் மகிழ்ச்சியூட்டும் காட்சிகளைக் காட்டினார்கள். சில நிமிஷங்களில் காட்சிகளைப் பற்றிய ஞாபகம் பெரும்பாலும் கரைந்துவிட்டது. ஆனால் சோகம் கரையவில்லை, மகிழ்ச்சியும் கரையவில்லை. ஏன் வருந்துகிறோம் என்று தெரியாமலே அவர்கள் வருந்திக்கொண்டிருந்தார்கள். ஏன் மகிழ்கிறோம் என்று தெரியாமலே மகிழ்ந்துகொண்டிருந்தார்கள். இது 2010-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பின்னர் அல்ஸைமர் நோய் கண்ட 17 பேரிடம் இதே சோதனையைச் செய்து 2014-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அங்கும் அப்படியே, அதுமட்டுமன்று, காட்சியை அதிகமாக மறந்தவர்களிடமே சோகம் அதிக நேரம் தங்கியது.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். துக்கத்தின் காரணம் தெரிந்தவனுக்கு ஆறுதல் தேட வழி உண்டு: "இன்னான் இப்படிச் சொன்னான்; போகட்டும்" என்று மனத்தைத் தேற்றிக்கொள்வான். காரணமே மறந்து போனவளுக்குத் துக்கம் மட்டும் எஞ்சுகிறது. அதை எதன்மேல் இறக்கி வைப்பது என்று தெரியாமல் தவிக்கிறாள். காலையில், "எத்தனை தடவை சொல்வது!" என்று நாம் சீறிய வார்த்தையைப் பாட்டி பத்து நிமிஷத்தில் மறந்துவிடலாம். ஆனால் சீற்றம் தந்த கலக்கம் அவள் நெஞ்சில் தங்கி, அந்தப் பொழுதை இருட்டாக்கக்கூடும். அவ்வாறே, அருகில் உட்கார்ந்து கையைப் பற்றிக்கொண்டு, அவள் சொல்லும் பழங்கதையை நூறாவது தடவையும் முதல் தடவையாகக் கேட்பதுபோல் கேட்டு வந்தோமானால், நாம் வந்ததையே அவள் மறக்கலாம். வந்ததனால் உண்டான இதம், நாம் தெருமுனை தாண்டிய பின்பும் அவளோடு இருக்கும்.

ஆகையால் மறதி கொண்ட பெரியவர்களிடம் காட்டும் அன்பு பாழுங்கிணற்றில் இறைத்த நீராகிவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். முதல் கணக்குப்பிள்ளை வேலையை விட்டுப் போயிருக்கலாம். இரண்டாமவர் இன்னும் தம் இடத்தில் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறார். அவர் பெயர் எழுத மாட்டார், தேதி எழுத மாட்டார். வந்தது அன்பா, அலட்சியமா என்பதை மட்டும் பார்த்து, வரவு வைத்துக்கொள்வார்.